படிக்கட்டுக் கண்ணாடியும் இழுத்து நீட்டுற ஏணியும்

தியாகராஜா: கஜா... ஏணி ஆடுது.

கஜலட்சுமி: ஏணி ஆடல. நீங்கதான் ஆடுறீங்க. கால மாத்தி மாத்தி வச்சா எந்த ஏணியும்தான் ஆடும்.

தியாகராஜா: நான் சும்மா நிக்கிறேன்டி.

கஜலட்சுமி: அப்ப காத்தா இருக்கும். கீழ மகாவலி ஓடுது, காத்து வராம என்ன செய்யும்? தொடைங்க, தொடைங்க.

தியாகராஜா: புடிச்சிருக்கியா?

கஜலட்சுமி: புடிக்காம ஒங்கள என்னைக்காவது மேல ஏத்தி விட்டிருக்கேனா?

றலியா: என்ன தம்பி, புருசன் பெஞ்சாதிக்குள்ள சண்டையா? உள்ளுக்கு இரிக்கிற எனக்கே கேக்குது.

தியாகராஜா: சண்ட இல்ல டீச்சர். பக்கத்து ஜன்னல நீங்க தொறந்தது நல்லதாப் போச்சு. இந்த ஏணியப் பாருங்க. இழுத்தா நீளுது, அமுக்குனா சுருங்குது. ஜன்னல் தொடைக்கிற வேலைக்கு இது சரிவருமா?

றலியா: எனக்கிட்டயா கேக்குறீங்க? நான் ஸ்கூல்ல தமிழ் படிச்சுக் குடுத்தவ. எனக்குத் தெரிஞ்சதெல்லாம், பெரஹெரா ஊர்வலம் பாக்க நாளைக்கு என்ட ரூமுகளுக்கு ஆள் வருது. இந்தப் படிக்கட்டுக் கண்ணாடி தொறக்கவும் ஏலாது, உள்ளால கை போடவும் ஏலாது. வெளியால நீங்கதான் சுத்தமாக்கித் தரணும்.

கஜலட்சுமி: ஆகிரும் டீச்சர். இந்த ஏணி வந்த பொறகுதான் எங்களுக்கு வேலையே லேசாச்சு. முன்ன இருந்த நீட்டு ஏணிய த்ரீவீலுக்கு மேல கட்டி, பின்னால சேப்புத் துணியத் தொங்கவிட்டு, கட்டுகஸ்தோட்டப் பாலத்துல போனா பொலிஸ்காரன் கண்ணு எங்க மேலதான். இப்ப பஸ்ல என் காலுக்கடியில வச்சுக்கிட்டு வந்துட்டேன். கண்டக்டர் குனிஞ்சு பாத்துட்டு, ஆர்மோனியமான்னு கேட்டான்.

றலியா: ஆர்மோனியமா! நல்ல கத.

தியாகராஜா: பஸ்ல வர்றதுக்கு நல்ல ஏணிதான். ஏறுறதுக்கு?

கஜலட்சுமி: ஏறித்தான நிக்கிறீங்க இப்ப!

தியாகராஜா: ஏறி நிக்கிறதாலதான் சொல்றேன். கேளுங்க டீச்சர். அடிக்குழாய் தடிப்பு. மேல போகப் போக ஒல்லி. நாம வேல செய்யிறது மேலதான? ஒரு பக்கமா கைய நீட்டித் தொடைச்சா அந்தப் பக்கமே வளையுது.

கஜலட்சுமி: எட்டித் தொடைக்கச் சொன்னது யாரு? எறங்கணும், ஏணிய நகத்தணும், திரும்ப ஏறணும். ஒங்க சோம்பேறித்தனத்துக்கு ஏணி என்ன பண்ணும்?

தியாகராஜா: சரி, பூட்டு? டக்குனு சத்தம் வந்தாத்தான் அந்தப் படி பூட்டிருச்சுன்னு அர்த்தம். நேத்து ஒரு படியில சத்தமே வரல.

கஜலட்சுமி: எப்படி வரும்? லேசா இழுபடட்டும்னு தேங்கா எண்ணைய ஊத்துனீங்க. ஊர்த் தூசியெல்லாம் உள்ள போய் ஒட்டிக்கிச்சு. காலையில நான்தான் ஒவ்வொரு குழாயாத் தொடைச்சு எடுத்தேன். இன்னைக்கு எல்லாம் டக்கு டக்குனு விழுந்துச்சா இல்லையா?

தியாகராஜா: ...விழுந்துச்சு.

றலியா: தலைக்கு வைக்கிற எண்ணையயா தம்பி ஏணிக்கு வச்சீங்க?

தியாகராஜா: சிரிக்காதீங்க டீச்சர். இந்தச் சரிவையும் பாருங்க. கண்டியில எந்த வீட்டுக்காவது சமமான முற்றம் இருக்கா? ஒரு கால் மேட்டுல, ஒரு கால் பள்ளத்துல... ஆ! இந்தா, இப்பவும் ஆடுச்சு!

கஜலட்சுமி: ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல. பலகை கொஞ்சம் அமுங்குச்சு. மண்ண வெட்டிச் சமமாக்கித்தான பலகை போட்டோம்? கண்ணாடியில படாம செவத்துல சாய்ச்சு, நுனியில சாக்கும் சுத்தியிருக்கு. இன்னும் என்ன வேணும்?

றலியா: மகள் எல்லாத்துக்கும் பதில் வச்சிரிக்கிறா. அப்ப இந்த ஏணி நல்லமா, கூடாதா? ஒண்டச் சொல்லுங்களே.

தியாகராஜா: சமதரையில, வீட்டுக்குள்ள ஒரு பல்ப் மாத்த நல்லது. கீழ்மாடி ஜன்னலுக்கும் பரவால்ல. நாள் முழுக்க ஏறி எறங்குற எங்களுக்கு வேணாம் டீச்சர். டவுன்ல ஒரு ஹோட்டல்ல பாத்தேன். நீட்டுத் தடி, நுனியில பிரஷ், தடிக்குள்ளாலயே தண்ணி போகுது. தரையில நின்னுக்கிட்டே மூணாம் மாடியத் தொடைக்கிறான்.

கஜலட்சுமி: ஒருத்தனா?

தியாகராஜா: என்ன?

கஜலட்சுமி: தடியப் புடிச்சது ஒருத்தனான்னு கேக்குறேன்.

தியாகராஜா: ...ஒருத்தன்தான்.

கஜலட்சுமி: அதான பாத்தேன். ஏணின்னா மேல ஒரு ஆளு, கீழ ஒரு ஆளு. தடிக்கு ஒரு ஆளு போதும். நான் வீட்ல ஒக்காந்து செவத்தப் பாத்துக்கிட்டு இருக்கணும். தெல்தோட்டையில இருந்து எறங்கி வந்தது அதுக்கா? இந்த வேலையில பாதி என்னோடதுங்க. வீடு வீடா ஏறி, கண்ணாடி தொடைக்கணுமான்னு கேட்டது நானு. நீங்க வெக்கப்பட்டுக்கிட்டு ரோட்டுல வாளியோட நின்னீங்க.

தியாகராஜா: கஜா, நான் அப்படிச் சொல்லல...

றலியா: அவ சொல்றதும் நியாயந்தானே தம்பி. அது சரி மகள், ஒங்களுக்குக் கை நோவா? காலையில பிளேன்டீ தந்த நேரம் கோப்பைய ரெண்டு கையாலயும் ஏந்தி எடுத்தீங்க.

கஜலட்சுமி: மரியாதைக்கு டீச்சர்.

றலியா: மரியாதையா! நான் படிச்சுக் குடுத்த புள்ளயளே எனக்கு அந்த மரியாத தரல்ல. சரி சரி, இன்னொரு பிளேன்டீ ஊத்திட்டு வாறன். அதுக்குள்ள நீங்க ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வாங்க.

தியாகராஜா: ...டீச்சர் உள்ள போயிட்டாங்க. இப்ப சொல்லு.

கஜலட்சுமி: என்னத்த?

தியாகராஜா: இப்பல்லாம் துணிய ஏன் நான் புழியிறேன்?

கஜலட்சுமி: நான் புழிஞ்சா பாதித் தண்ணி அதுலயே நிக்குதுன்னு நீங்கதான சொன்னீங்க. போற எடமெல்லாம் சொல்லிச் சிரிச்சீங்க.

தியாகராஜா: சிரிச்சேன்... ஒன் வலது கை புழிய மாட்டேங்குதுன்னு யாருக்கும் தெரியக் கூடாதுன்னுதான் சிரிச்சேன்.

கஜலட்சுமி: அது ஒங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?

தியாகராஜா: இந்த ஏணி வளையும். அது தெரிஞ்சுதான் வாங்குனோம். ஆனா ஒன் பிடி எப்ப நழுவுதுன்னு என் உள்ளங்காலுக்குத் தெரியும் கஜா. அத டீச்சர் முன்னால சொல்ல மனசு வரல. அதான் குழாய், பூட்டு, பள்ளம்னு அளந்துக்கிட்டு இருந்தேன்.

கஜலட்சுமி: ஆஸ்பத்திரியில காட்டுனேங்க. சந்தைக்குப் போறேன்னு ஒங்ககிட்ட சொல்லிட்டுப் போன அன்னைக்கு. நரம்பு அமுங்கியிருக்காம். கைக்கு ஓய்வு குடுக்கணுமாம். சொன்னா நீங்க வேற ஆளக் கூட்டிட்டு வந்துருவீங்கன்னு...

தியாகராஜா: தடி வாங்குனாலும் நீ வரணும்டி. தடிக்கு நேர் கீழ நிக்கிறவனுக்குக் கண்ணாடி முழுசாத் தெரியாது. எட்டி நின்னு பாத்து, இங்க கோடு விழுந்திருக்கு, அங்க அழுக்கு நிக்குதுன்னு ஒன்ன மாதிரி என்ன யாரு திட்டுவா?

கஜலட்சுமி: திட்டுறதுக்கு ஒரு ஆளா?

தியாகராஜா: அந்த வேலைக்கு ஒன்ன அடிக்க ஆளில்ல. சரி, நான் எறங்குறேன். மிச்சத்த மூங்கில்ல துணியக் கட்டி கீழ நின்னே தொடைச்சுருவோம். பக்கத்து ஜன்னல் கம்பி கைக்கு எட்டுது, அதப் புடிச்சுக்கிட்டே எறங்கிருவேன். நான் தவறுனா ஒன் மேலதான் விழுவேன். ஏணிய விட்டுட்டு அந்தப் பக்கம் தள்ளி நில்லு.

கஜலட்சுமி: நீங்க மெதுவா எறங்குங்க. என்னால தள்ளி நிக்க முடியாது.

தியாகராஜா: இன்னும் என்னடி பிடிவாதம்?

கஜலட்சுமி: பிடிவாதம் இல்லங்க. கை விட்டுப் போயிருமோன்னு பயந்து, நீங்க ஏறுன ஒடனே என் கைய ஏணிக்காலோட சேத்து, தோள்ல போட்டிருந்த ஷோலால கட்டிக்கிட்டேன். பல்லால இழுத்துப் போட்ட முடிச்சு... நீங்க எறங்கி வந்துதான் அவுத்து விடணும்.