அண்ணன் தம்பிக்குப் பாதிக் கட்டணம்

அவைக்குத் தலைமை ஏற்று, என் பேச்சு நீளுமோ என்ற அச்சத்தை முகத்தில் காட்டாமல் அமர்ந்திருக்கும் குடியிருப்போர் சங்கத் தலைவர் பெரியவர் கங்கப்பன் அவர்களே, வாரம் ஆறு நாள் இயந்திரத்துக்குக் கொடுத்து, ஏழாம் நாளை எங்களுக்குக் கொடுத்திருக்கும் உழைப்பாளித் தோழர்களே, வேப்பனப்பள்ளியும் மத்தூரும் உத்தனப்பள்ளியும் விட்டு ஓசூருக்குப் பிழைக்க வந்து, பெற்ற பிள்ளையைப் பிறர் வீட்டில் விட்டுக் கம்பெனி பஸ் ஏறும் தாய்மார்களே, தமிழில் கொஞ்சி, கன்னடத்தில் பேரம் பேசி, தெலுங்கில் சண்டை போட்டாலும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கும் அன்பு நெஞ்சங்களே, உங்கள் அனைவருக்கும் சங்கச் செயலாளன் தமிழரசனின் தலை தாழ்ந்த வணக்கம்.

தலை தாழ்ந்த வணக்கம் என்பது மேடையில் எல்லோரும் சொல்வதுதான். இன்று நான் உண்மையிலேயே தலை தாழ்ந்து நிற்கிறேன்.

நம் பிள்ளைகளைப் பகலெல்லாம் பார்த்துக்கொண்ட அதியா அக்காவின் காப்பகம் மூடி இன்றோடு பன்னிரண்டு நாள். அதை மூடியது எது? நோயா? இல்லை. வழக்கா? இல்லை. வாடகைத் தகராறா? அதுவும் இல்லை. மூடியது ஒரு வரி, தோழர்களே. சுவரில் மாட்டிய பலகையில் ஒரே ஒரு வரி. அந்த வரியை எழுதிய கை இதோ, இந்த ஒலிவாங்கியைப் பிடித்திருக்கும் கை.

இரண்டு ஆண்டுக்கு முன் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஒரு பிள்ளைக்கு மாதம் இரண்டாயிரம் என்றால், ஒரே வீட்டிலிருந்து இரண்டு பிள்ளை வந்தால் என்ன கட்டணம்? "ரெண்டும் ரெண்டு வாயிதானே தமிழண்ணா, ஒண்ணுக்கு ஊட்டினா இன்னொண்ணுக்கு ரொம்பிடுமா?" என்றார் அதியா அக்கா. "நாலாயிரம் குடுத்துட்டு நான் எதைத் தின்றது?" என்றார்கள் தாய்மார்கள். இரு தரப்பும் சொன்னது நியாயம். நியாயமான கட்டணம் எழுதித் தரும் பொறுப்பைச் சங்கம் என்னிடம் கொடுத்தது. இரண்டாம் பிள்ளைக்குப் பாதி என்று முடிவானது.

அதை எப்படி எழுதுவது? முதலில் 'உடன்பிறந்தோர்க்கு' என்று எழுதினேன். பிறகு எனக்குள் இருந்த பேச்சாளன் விழித்துக்கொண்டான். இது என்ன புத்தகத் தமிழ், மக்கள் மொழியில் எழுது என்றான். அடித்துவிட்டு எழுதினேன்: 'அண்ணன் தம்பி, அக்கா தங்கைக்குப் பாதிக் கட்டணம்.' எழுதிவிட்டு நானே இரண்டு முறை படித்துப் பார்த்து மகிழ்ந்தேன். மடையன்.

தமிழில் அண்ணன் என்றால் யார்? பெரியப்பா மகன் அண்ணன் இல்லையா? சித்தி மகன் தம்பி இல்லையா? பத்து தலைமுறைக்கு முன் பிரிந்த பங்காளி வீட்டுப் பையன் அண்ணன் இல்லையா? மத்தூரிலிருந்து வந்த அக்காள் தங்கை இருவர், கவிப்ரியாவும் வினோதாவும், ஒரே கம்பெனியில் ஒரே ஷிப்டு. ஆளுக்கு இரண்டு பிள்ளை. பலகையைப் படித்தார்கள். "எங்கக்கா புள்ள எம் புள்ளைக்கு அண்ணன் ஆவாதா?" என்று கேட்டார் வினோதா. ஆகும். அதியா அக்காவால் மறுக்க முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. நான்கு பிள்ளைகளில் ஒன்றுக்கு முழுக் கட்டணம், மூன்றுக்குப் பாதி. அடுத்த மாதம் பங்காளிகள் வந்தார்கள். அதற்கடுத்த மாதம் பங்காளிகளின் பங்காளிகள் வந்தார்கள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், இன்னும் இருக்கிறது. சென்றாயனுக்கு ஒரு மகள். அவருடைய தங்கைக்கு ஒரு மகன். இரண்டு பிள்ளைகளையும் அவர்தான் கொண்டுவந்து விடுவார். "எல்லாரும் பாதி கட்டுறாங்களே, நீயும் கட்டேன்" என்றேன், வெட்கமில்லாமல். அந்த மனிதர் என்னை முறைத்தார். "அதுங்க மொற ஆவுதுங்க சார். மாமம் புள்ள, அத்த புள்ள. காசுக்காக அண்ணன் தங்கச்சின்னு சொல்லிட்டு, நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சிகினு பரிசம் போடறது?" என்றார். இரண்டுக்கும் முழுக் கட்டணம் கட்டினார். அந்தக் காப்பகத்தில் முழுசாகக் கட்டிய ஒரே குடும்பம் அது ஒன்றுதான்.

என்னம்மா? சத்தமாகச் சொல்லுங்கள். கவிப்ரியாவையும் வினோதாவையும் குற்றம் சொல்கிறேனா? இல்லை தாயே, இல்லை. அவர்கள் பொய் சொல்லவில்லை. நம் மொழியில் அது உண்மை. குறைந்த சம்பளத்தில் பிள்ளை வளர்ப்பவர்கள், குறைத்துக் கட்டலாம் என்று எழுதியிருந்தால் கட்டத்தான் செய்வார்கள். பிழை என்னுடையது.

அந்தப் பிழை என்ன செய்தது? பிள்ளை பத்தொன்பது ஆனது, வரும்படி பன்னிரண்டு பிள்ளைக்கு உரியதாகவே நின்றது. உதவிக்கு இருந்த மாரம்மாவுக்குச் சம்பளம் தர முடியாமல் அதியா அக்கா அவரை நிறுத்தினார். பத்தொன்பது பிள்ளைகளுக்கு இரண்டே கண்கள். ஒரு நாள் பகல் பதினொரு மணிக்கு, ஒரு பிள்ளைக்குக் கால் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில், இரண்டரை வயதுக் குழந்தை ஒன்று கதவைத் தள்ளிக்கொண்டு சர்வீஸ் ரோடு வரை நடந்துபோனது. ஒரு லாரிக்காரர் வண்டியை நிறுத்தி, இறங்கி, தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தார். பிள்ளைக்கு ஒரு கீறல் இல்லை. ஆனால் அதியா அக்கா அன்று மாலை எல்லாப் பிள்ளைகளையும் ஒப்படைத்துவிட்டுக் கதவைப் பூட்டினார். "எங்கையில ஒரு உசுரு போயிருந்தா, ஒங்க பலகையா வந்து பதில் சொல்லும்?" என்று கேட்டார்.

கம்பெனிக்குப் போனோம். பெண்கள் இத்தனை பேர் வேலை செய்கிறார்களே, ஒரு காப்பகம் வையுங்கள் என்றோம். "இவங்க எல்லாம் காண்ட்ராக்ட், எங்க லிஸ்ட்லயே இல்ல" என்றார் அங்கிருந்த அதிகாரி. காலையில் பஸ் அனுப்பி ஏற்றும்போது லிஸ்டில் இருக்கிறார்கள். பிள்ளை என்றதும் இல்லாமல் போகிறார்கள்.

இன்று புதிய விதி கொண்டுவந்திருக்கிறேன். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்றால் இரண்டாவது பிள்ளைக்கு முக்கால் கட்டணம், மற்ற எல்லாப் பிள்ளைக்கும் முழுசு. ஆனால் மேடை ஏறும் முன்பே இரண்டு பேரிடம் காட்டிவிட்டேன். "முக்காலுக்கு நான் எதுக்குங்கண்ணா தெறக்கணும்?" என்றார் அதியா அக்கா. "முக்கால் குடுத்துட்டு நான் எதுக்கு வேலைக்குப் போவணும்?" என்றார் வினோதா. இரண்டு பேரும் கணக்குத் தவறாமல் பேசினார்கள். வாங்குகிறவருக்கும் போதவில்லை, கொடுக்கிறவருக்கும் முடியவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் நியாயமான தொகை ஒன்று இருக்கிறது என்று இத்தனை நாள் நம்பினேன். இப்போது அந்த நம்பிக்கை எனக்கு இல்லை. அதை மறைத்து வீரம் பேச என்னால் ஆகவில்லை.

நேற்று வினோதாவின் வீட்டுக்குப் போனேன். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினேன். "அம்மா யாருக்கும் தெறக்கக் கூடாதுன்னாங்கோ" என்று குரல் வந்தது. வினோதாவின் மூத்த பிள்ளை தன்ஷிகா, பள்ளி விட்டதும் காப்பகத்துக்கு வந்துகொண்டிருந்தவள். எட்டு வயது. மூன்றாம் வகுப்பு. பன்னிரண்டு நாளாகப் பள்ளிக்குப் போகவில்லை. தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள். சோறு ஊட்டுகிறாள், கால் கழுவுகிறாள், தூங்க வைக்கிறாள்.

தோழர்களே, தாய்மார்களே, முழுசா, பாதியா, முக்காலா என்று நாம் இழுத்தோம். அதியாவிடமிருந்து குறைத்தோம், மாரம்மாவிடமிருந்து குறைத்தோம், குறைத்துக் குறைத்துக் கடைசியில் ஒரு கட்டணத்துக்கு வந்து சேர்ந்தோம். அக்கா பார்த்துக்கொண்டால் தம்பிக்குக் கட்டணம் இல்லை. சங்கம் தீர்மானம் போடாமலே, யாரும் கை தூக்காமலே நம் குடியிருப்பில் இன்று நடக்கும் விதி அதுதான். முக்கால் வேண்டாம் என்பவர்கள் தாராளமாகச் சொல்லுங்கள். சொல்லும்போது, அந்த எட்டு வயதுப் பெண்ணுக்கு நாம் என்ன கூலி தருகிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நாளை காலை ஐந்தரைக்கு பஸ் வரும். அவள் உள்ளே தாழ் போடுவாள்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு என் நன்றி. எழுதியவனை ஏசாமல் விட்ட தாய்மார்களுக்கு இரட்டிப்பு நன்றி. இந்தத் தெருவில் தாழிட்ட கதவுகளுக்குள் இருந்து இந்த ஒலிபெருக்கியைக் கேட்டுக்கொண்டிருக்கும் அக்காக்களுக்கும் அண்ணன்களுக்கும், அவர்களைப் பள்ளிக்கு அனுப்ப முடியாதவனின் வணக்கம்.