வெண்ணெய் போட்ட ஷாஃப்ட்

ஐயையோ, சோஃபா மேல வைக்காதீங்க மாஸ்டர், எறும்பு மெத்தைக்குள்ள போயிடும்! இருங்க, பால்கனியில பேப்பர் விரிக்கிறேன். ம், இதுல வைங்க. மெதுவா. இல்ல, அம்மா இன்னும் வரல. டூட்டி முடிஞ்சு வர்ற நேரந்தான். லிஃப்ட் கதவு கிரீச்சுன்னு ஒரு சத்தம் போடும் பாருங்க, அதுவரைக்கும் நம்ம ரெண்டு பேருக்கும் உயிர் இருக்கு.

அது என்ன, கேக் பெட்டியிலயா போட்டு எடுத்துட்டு வந்தீங்க? ரிப்பன் வேற! பேக்கரிக்காரர் கையில ரிமோட் படகைக் குடுத்தா இப்படித்தான் வரும் போல. சேச்சே, சிரிக்கலைங்க. சரி, சிரிச்சேன். கோவிச்சுக்காதீங்க, உக்காருங்க.

இப்ப முதல்லருந்து சொல்லுங்க. அம்மாவுக்கு ஞாயித்துக்கிழமை திடீர்னு டூட்டி. சாயங்காலப் பந்தயத்துக்கு முன்னாடி நம்ம படகு செவப்பியை ஒருதடவை ஏரியில விட்டுப் பாருங்கன்னு உங்ககிட்ட குடுத்தாங்க. அது தெரியும். பந்தயம் மழையில தள்ளிப்போயி இன்னைக்கு வச்சிருக்காங்க, அதுவும் தெரியும். சரி, ஓட்டினீங்க. பாதி ஏரியில கீச்சு கீச்சுன்னு கத்துச்சு. உடனே கரைக்குக் கொண்டு வந்து, விசிறியைச் சுத்துற முறுக்குக் கம்பியை, அதான் ஷாஃப்டை, கழட்டிப் பாத்தீங்க. கிரீஸ் இல்லாம காஞ்சு கிடந்துச்சு. பலே! அதுவரைக்கும் நூத்துக்கு நூறு. அப்புறம் பக்கத்துல இருக்கே நம்ம பேக்கரின்னு போயி...

என்னது?

வெண்ணெயா?

அதுவும் உப்பு போடாத வெண்ணெயாம். உப்பு இருந்தா துரு பிடிக்குமேன்னு யோசிச்சீங்களா? அவ்வளவு தூரம் யோசிச்ச மூளை இன்னும் ரெண்டடி எடுத்து வச்சிருக்கக் கூடாதா மாஸ்டர்? கேக் தட்டுக்குப் பூசுற மாதிரி ஷாஃப்டுக்குப் பூசிட்டு, ராத்திரி சர்க்கரை மூட்டை பக்கத்துல படகை நிறுத்தி வச்சா எறும்பு வராம யானையா வரும்?

கிரீஸ் டப்பாவைத் தேடினீங்களாக்கும். டப்பா எங்க இருக்கு? படகுப் பெட்டியைத் தொறந்ததும் மேலாப்புல என்ன இருந்துச்சு? சிரிஞ்சு. உள்ள நீலமா ஒண்ணு. அது என்னன்னு நினைச்சீங்க?

அம்மாவோட மருந்தா! அட கடவுளே. மாஸ்டர், எங்கம்மா ஆபரேஷன் தியேட்டர் நர்ஸு. வீட்ல பசை, எண்ணெய், எல்லாமே புது சிரிஞ்சுலதான் இருக்கும். அதுதான் கிரீஸு! கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலையறவங்களைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன். கையில கிரீஸை வச்சுக்கிட்டு வெண்ணெய்க்கு அலைஞ்சவரு உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்.

சரி சரி, மூஞ்சியைத் தொங்கப் போடாதீங்க. பண்ணிடலாம். அன்னைக்குத் தளர்த்தினீங்களே மோட்டார்கிட்ட இருக்குற பிடி, அதை ஸ்பானர் போட்டுத் தளர்த்துங்க. இப்ப பின்பக்கம் விசிறியைப் பிடிச்சு இழுங்க. வருதா? வரும், எறும்போட சேர்ந்து வரும். பாருங்க ஊர்வலத்தை! கம்பி முறுக்குக்குள்ள குடும்பத்தோட குடியேறிட்டாங்க. இந்தாங்க மண்ணெண்ணெய், துணியில நனைச்சு அழுத்தித் துடைங்க. ஒரே பக்கமா இழுக்காதீங்க, முறுக்கு எந்தப் பக்கம் போகுதோ அப்படியே சுத்திக்கிட்டே வாங்க. ஆங்... அட, கை நல்லா வருதே. மாவு பிசைஞ்ச கை இல்லையா.

நான் அதுக்குள்ள ஷாஃப்ட் போற குழாயைச் சுத்தம் பண்றேன். வெண்ணெய் கெட்டுப்போன வாசம், ஐயே! இந்த வாசம் ஒண்ணு போதும், அம்மா வாசப்படியிலயே கண்டுபிடிச்சிடுவாங்க. சும்மா சொன்னேன், பயப்படாதீங்க. காலை ஆட்டாதீங்க, பேப்பர் நகருது.

ஆமா, நான் உங்ககிட்ட இவ்வளவு பேசினதே இல்லதான். வழக்கமா வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு ரூமுக்குள்ள போயிடுவேன். நீங்க கொண்டு வர்ற பன்னை மட்டும் அப்புறம் வந்து தின்னுடுவேன். பன்னு மேல எனக்கு என்ன கோபம்?

தெரியும் மாஸ்டர், உங்க பயம் படகைப் பத்தி மட்டும் இல்ல. நீங்களும் அம்மாவும் கல்யாணம் பண்ணிக்கலாமான்னு அம்மாகிட்ட கேட்டிருக்கீங்க. அம்மா யோசிச்சு சொல்றேன்னாங்க. மழைக்காலத்துக்கு முன்னாடி கேட்டது, இன்னும் பதில் வரல. இந்த நேரம் பாத்து இப்படி ஆயிடுச்சேன்னு பதறுறீங்க. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைஞ்ச கதை. ஐயோ, எந்தப் பழமொழியைத் தொட்டாலும் உங்க வெண்ணெயிலயே வந்து நிக்குது, நான் என்ன பண்ணுவேன்!

எனக்கு எப்படித் தெரியுமா? ஒரே வீட்ல இருக்கோம், தெரியாதா?

துடைச்சாச்சா? காட்டுங்க. ம், பளபளன்னு இருக்கு. இப்ப சிரிஞ்சை அமுக்கிக் கொஞ்சம் கொஞ்சமா கிரீஸ் விட்டு, விரலால தடவிக்கிட்டே உள்ள தள்ளுங்க. சுத்திக்கிட்டே தள்ளணும். அங்கங்க விட்டுட்டா தண்ணி பூந்துடும்.

இந்த ஷாஃப்ட் புதுசு, தெரியுமா? பழசை எங்கப்பா உடைச்சாரு. அப்ப அம்மாவும் அப்பாவும் ஒண்ணா இருந்தாங்க. அப்பா ஒருநாள் அம்மாவுக்குத் தெரியாம எடுத்துட்டுப் போயி, கல்லுல மோதி, ஷாஃப்ட் ரெண்டாப் போச்சு. போகட்டும், உடையறது பொருள்தானே? அதை அப்படியே ஒட்டி வச்சு, பெட்டியில போட்டு மூடிட்டாரு. வாயத் தொறக்கல. அம்மா பந்தயத்துல நூறு பேர் முன்னாடி படகை விட்டாங்க, அது நகரவே இல்ல. நானும் கரையில நிக்கிறேன். அப்பா என் பக்கத்துல நின்னுக்கிட்டு, என்னாச்சு, ஏன் ஓடலன்னு என்னையே கேக்குறாரு! முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறவரு. ஷாஃப்ட் மட்டும் இல்ல, அப்புறம் பெரிய பெரிய விஷயமெல்லாம் அப்படித்தான் மூடி வச்சிருந்தாருன்னு ஒவ்வொண்ணா வெளிய வந்துச்சு. இப்ப வேற ஊர்ல, வேற குடும்பத்தோட நல்லாத்தான் இருக்காரு. அம்மா அழுதாங்களோ இல்லையோ, நான் ரொம்ப அழுதேன் மாஸ்டர். அதுலருந்து இந்த வீட்ல ஒரு பழக்கம். படகு ஓடி முடிஞ்சு வந்தா, நல்லா ஓடுச்சோ இல்லையோ, ஷாஃப்டை வெளிய இழுத்துப் பாத்துட்டுத்தான் சாப்பாடு.

ஏ ஏ ஏ, நில்லுங்க! முழுசா தள்ளி இறுக்காதீங்க. விசிறிக்கும் குழாய்க்கும் நடுவுல ஒரு நாணயம் கனத்துக்கு இடம் விடணும். எதுக்கா? மோட்டார் வேகமெடுத்தா கம்பி முறுக்கிக்கிட்டு கொஞ்சம் குட்டையாகும். அதுக்கு இடம் இல்லன்னா உரசி, சூடாகி, மோட்டாரே புகைஞ்சிடும். கிட்ட இருக்கணும், ஆனா இடிக்கக் கூடாது. ம், இந்த நாணயத்தை நடுவுல வச்சு இறுக்குங்க. இப்ப எடுங்க. அவ்வளவுதான்.

ரிமோட்டைத் தாங்க. ஒரு தட்டு... ஆகா! கேட்டீங்களா? கீச்சும் இல்ல, காச்சும் இல்ல.

ஒண்ணு கேக்கவா? நீங்க இதைக் கழுவி, கடையில கிரீஸ் வாங்கிப் போட்டு, கமுக்கமாக் குடுத்திருக்கலாமே. யாருக்குத் தெரியப் போகுது? ஏன் எறும்போட தூக்கிட்டு வந்தீங்க?

அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சீங்களே தவிர, சொல்லாம விட்டா என்னன்னு தோணவே இல்லையா?

ம்.

இல்லைங்க, மண்ணெண்ணெய்க் கையைக் கண்ணுல வச்சுட்டேன் போல. ஒண்ணும் இல்ல.

அதோ, லிஃப்ட் சத்தம்! வந்தாச்சு. அந்தச் சிரிஞ்சை மூடி வைங்க. முகத்துல கிரீஸ் இருக்கு, இங்க, இடது கன்னத்துல. அப்புறம் மாஸ்டர், அம்மா யோசிக்கிறாங்கன்னு சொன்னேன்ல? அம்மா எதையும் யோசிக்கல. நீங்க கேட்ட அன்னைக்கே அவங்களுக்கு சம்மதம். என் பொண்ணு சரின்னு சொன்னாத்தான்னு நிறுத்தி வச்சிருக்காங்க. இவ்வளவு நாளா யோசிச்சுக்கிட்டு இருந்தது நான்தான்.

இப்ப யோசிச்சு முடிச்சுட்டேன். எனக்கு சம்மதம். ஆனா அப்பான்னெல்லாம் கூப்பிட மாட்டேன், மாஸ்டர்னுதான் கூப்பிடுவேன். ஒரு நாணயம் கனத்துக்கு நடுவுல இடம் இருக்கட்டும், சரியா?

அட, நீங்க எதுக்கு இப்ப அழுவுறீங்க? போங்க, பெல் அடிக்குது, நீங்களே போய்க் கதவைத் தொறங்க. நான் சரின்னு சொன்னதை அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க. ஆனா முதல்ல வெண்ணெயைச் சொல்லிடுங்க.