மஹதி பார்த்த மூலை

அவைக்கு அணிசேர்க்கும் தலைவர் திருநாவுக்கரசு ஐயா அவர்களே, முன்வரிசையை முகமலர்ச்சியால் நிறைத்திருக்கும் மூத்தோரே, மடியில் மழலையும் தோளில் பையுமாக மண்டபம் வந்திருக்கும் தாய்மார்களே, கதவோரம் கதைத்துக்கொண்டு நிற்கும் தகப்பன்மார்களே, அனைவருக்கும் கௌசிகனின் கனிந்த வணக்கம்.

'குழந்தையின் பார்வை' என்று தலைப்புத் தந்தார்கள். மூன்று கிழமைக்கு முன் லின்ஃபீல்ட் பகுதியில் என் வாடகை வீட்டில் நடந்ததைச் சொல்லப் போகிறேன். அதற்கு முன் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். வீடுகளில் ஈரமும் ஒழுக்கும் இருக்கிறதா என்று பரிசோதிப்பதுதான் என் தொழில்.

என் மகள் மஹதிக்கு ஏழு மாதம். தொட்டிலில் கிடந்தபடி சீலிங்கின் ஒரு மூலையையே பார்த்தாள். காலையில் பார்த்தாள், மாலையில் பார்த்தாள், பால் குடிக்கும்போதும் கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, இவள் என்னத்தைப் பாக்கிறாள்?" என்றாள் மனைவி கஜானி.

"பிள்ளையள் அப்பிடித்தான், விடும்," என்றேன், போனிலிருந்து தலை நிமிராமல்.

அந்த மூலையில் 'டொக், டொக்' என்று மெல்லிய சத்தம். ஒரு சத்தம் பிந்தினால் மஹதி கால் உதைப்பதை நிறுத்திக் காத்திருப்பாள், வந்ததும் உதைப்பாள். தாளம் தப்பியது அவளுக்குத் தெரிந்தது. எனக்கு? முதல் நாள் கேட்டது. வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்பின் சத்தம் என்று பெயர் வைத்தேன். மறுநாள் என் காதில் விழவே இல்லை.

பக்கத்து வீட்டுக் கௌரி அக்கா வந்தார். "தம்பி, பிள்ளைக்கு நாவூறு பட்டிட்டுது. செத்தல் மிளகாய் எடும்."

மிளகாயை நெருப்பில் போட்டுக் கண்ணேறு கழித்தோமா? கழித்தோம். சிரிக்கிறீர்களா அம்மா? நீங்களும் கழித்திருப்பீர்கள். மூவரும் மிளகாய் வெடிக்கிறதா என்று பார்த்தோம். மூவரும் பிள்ளையின் முகத்தைப் பார்த்தோம். பிள்ளை பார்த்த இடத்தை யார் பார்த்தோம்? ஒருவரும் பார்க்கவில்லை, பெரியோர்களே, ஒருவரும் பார்க்கவில்லை!

சனி காலை. நப்பி மாற்றக் கஜானி அவளைத் தூக்கிய அடுத்த நிமிடம், சீலிங் இடிந்து தொட்டிலுக்குள் விழுந்தது. கூரை ஒழுகி, 'டொக், டொக்' என்று நாட்கணக்கில் நீர் சொட்டி ஊறிய பலகை. அவள் தலை கிடந்த இடத்தில் கிடந்தது. ஒரு கையால் தூக்கப் பார்த்தேன், முடியவில்லை.

"பிள்ளை அதுக்குள்ள..." என்று தொடங்கிய கஜானி முடிக்கவில்லை. நானும் முடிக்கப் போவதில்லை.

எதிர்பாராததைத்தான் குழந்தைகள் கூடுதல் நேரம் பார்க்கின்றன என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். நாமோ எதிர்பார்த்ததைப் பார்த்துவிட்டு எழுந்து போகிறோம். ஊரார் வீட்டு ஈரம் கண்ட என் கண்ணுக்கு என் வீட்டு ஈரம் ஏன் தெரியவில்லை? என் வீட்டில் ஒரு குறையும் இல்லை என்று முன்பே முடிவு கட்டியிருந்தேன். அந்த வெட்கம் இன்னும் ஆறவில்லை.

புழுதி அடங்கியதும், முதல் தடவையாக அந்த மூலையை அண்ணாந்து பார்த்தேன். பெரிய பொத்தல். ஆனால் மஹதி பொத்தலைப் பார்க்கவில்லை. தாயின் தோளில் இருந்தபடி கண் கொட்டாமல் என்னையே பார்த்தாள். அப்பா தலை நிமிர்ந்து பார்ப்பது, என் பிள்ளைக்கு அத்தனை புதுமையாக இருந்தது.

பொறுமையோடு கேட்ட உங்கள் செவிகளுக்கு என் நன்றி. பிள்ளைகளோடு பத்திரமாக வீடு சேருங்கள். வணக்கம்.