கம்பு சாத்திக் கிணறு

ரொம்ப முந்தி. கரண்டுக் கம்பியும் காக்கி உடுப்பும் இந்தக் கரிசக்காட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பாக்காத காலம். அப்போ கீழப்பொட்டல்னு ஒரு ஊரு. ஊருன்னா என்ன, இந்த முனையில ஒருத்தன் தும்முனா அந்த முனையில இருக்கவன் "நூறு வயசு"ன்னு சொல்லுவான், அவ்வளவுதான் ஊரு.

அந்த ஊருல வெயிலுமுத்து, வெயிலுமுத்துன்னு ஒரு ஆட்டுக்காரரு இருந்தாராம். அவரு பொண்டாட்டி பேரு சீனியம்மா. பேருலதான் சீனி. மத்தபடி அந்த வீட்டுல சீனி எந்தப் பானையில இருந்துச்சுன்னு அவளுக்கே தெரியாதாம்.

வெயிலுமுத்து பேரு வாங்குனது ஆடு மேய்ச்சதுல இல்ல, நாயி பழக்குனதுல. சுத்துப்பட்டு ஊர்லேருந்தெல்லாம் குட்டியைத் தூக்கிட்டு வருவாங்களாம்.

"மாமா, இந்தப் பய சும்மா சும்மா குரைக்கான். என்னன்னு கேளுங்க."

"விட்டுட்டுப் போடா. மறுபடி வரும்போது மரக்கட்டையா வாங்கிட்டுப் போ."

சொன்னபடி மரக்கட்டையாத்தான் குடுப்பாராம். அவரு பழக்குன நாயி கொட்டாவி விடணும்னாலும் உத்தரவு கேக்குமாம். பூனை முதுகு மேல ஏறி நடந்து போனாலும் "போங்க தாயி"ன்னு படுத்துக் கிடக்குமாம். ஊரே வாயைப் பிளந்து பாக்குமாம். "நாயின்னா அது நாயி. நம்ம வீட்டுலயும் ஒண்ணு இருக்கே, கல்யாணத்துக்கு வந்த சம்பந்தி மாதிரி, தின்னுட்டுக் குறை சொல்லிக்கிட்டு."

எப்படிப் பழக்குனாருன்னு கேக்கணும்ல? அதையும் கேட்டுக்கோங்க.

அப்போ ஆட்டுக் களவு சாஸ்தி. களவாணிப் பயலுக நாயோட பேரைத் தெரிஞ்சு வச்சுக்கிடுவாங்களாம். தூரத்துல நின்னுக்கிட்டு, "வாடா கண்ணு, வாடா ராசா"ன்னு பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்களாம். நாயி வாலை ஆட்டிக்கிட்டுப் பின்னாலயே போயிருமாம். இங்க ஆட்டுக் கிடை காலி. அதுக்குத்தான் வெயிலுமுத்து ஒரு சட்டம் போட்டாரு. படுன்னா படு. யாரு பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் எந்திரிக்கக் கூடாது. நானே கூப்பிட்டாலும் எந்திரிக்கக் கூடாது. என் பூண் போட்ட கம்பைத் தரையில தட்டுனாத்தான் எந்திரிக்கணும்.

குட்டியைப் படுக்கப் போட்டுட்டு எட்டப் போயி நிப்பாராம். வாயில தேன் ஒழுகப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாராம். குட்டிக்கு என்ன தெரியும்? வாலை ஆட்டி, இடுப்பை ஆட்டி, இருக்குற உடம்பையெல்லாம் ஆட்டிக்கிட்டு ஓடியாருமாம். வந்து அவரு காலை நக்குமாம். நக்கும்போதே கம்பு இறங்குமாம். மறுபடி படு. மறுபடி கூப்பிடு. மறுபடி கம்பு. கடைசியில ஒரு நாளு, பேரைக் கேட்டதும் குட்டி தரையோட தரையா ஒட்டிக்கிட்டு, காதை மடக்கி, மூஞ்சியை அவரு நிக்கிற பக்கம் இல்லாமத் திருப்பி, படுத்த இடத்துலயே ஒண்ணுக்கு இருந்துருமாம்.

அப்போ சிரிச்சுக்கிட்டே சொல்லுவாராம், "படிச்சிருச்சுலே."

குரைச்சாலும் அதே மருந்துதான்.

அவரு சொந்த நாயி பேரு கருவாயன். செவலை உடம்பு, வாயி மட்டும் கறுப்பு. குட்டியில அது எதைப் பாத்தாலும் குரைக்குமாம். ஓணானைப் பாத்துக் குரைக்கும். தன் நிழலைப் பாத்துக் குரைக்கும். மேல மேகம் போனா, "எங்க போறே, யாரைக் கேட்டுப் போறே"ன்னு அதையும் கேக்கும். சீனியம்மா அதைப் பாத்துத்தான் கொஞ்சம் சிரிப்பாளாம். அப்புறம் கருவாயனும் படிச்சிருச்சு. அவளும் சிரிக்கலை.

ரெண்டு பொட்டப்புள்ளைக அந்த வீட்டுல. தட்டாங்கல்லு விளையாண்டா கல்லு சத்தம் வெளிய கேக்காதாம். சேவல் கூவுறதுக்கு முந்தி ஒரு தடவை திரும்பிப் பாத்துக்கிடுமாம். வெளியிலேருந்து "ஏட்டி சீனி"ன்னு குரல் வந்தாப் போதும், சீனியம்மாவுக்குத் தோள்பட்டை தானா காதுப்பக்கம் ஏறிக்கிடும். சும்மா குடிக்கத் தண்ணி கேட்டுத்தான் கூப்பிட்டிருப்பாரு. இருந்தாலும் ஏறிக்கிடும். அவ அடி வாங்குனாளா இல்லையான்னு கதையில யாரும் சொல்லலை. சொல்லுறதுக்கு அந்த வீட்டுல யாருகிட்டயும் சத்தம் மிச்சம் இல்ல.

இப்படி இருக்கையில ஒரு ஆடி மாசம். மேல்காத்துன்னா மேல்காத்து, பக்கத்துல நிக்கிறவன் பேசுறதைப் பறிச்சுக்கிட்டுப் போயிருமாம். அன்னைக்கு வெயிலுமுத்து ஆட்டைப் பத்திக்கிட்டு ஊருக்கு மேக்க இருக்குற மேகாட்டுக்குப் போனாரு. உச்சி திரும்பி ஆடு மட்டும் வீடு வந்துச்சு. ஆளும் இல்ல, நாயும் இல்ல.

சீனியம்மா போயி கொழுந்தன் சங்கிலிகிட்டச் சொன்னா. சங்கிலி வாயிக்காரன்.

"அண்ணன் எங்கயாச்சும் உக்காந்து எறும்பை வரிசையாப் போகச் சொல்லிப் பழக்கிட்டிருக்கும் மதினி. பழகுனதும் வரும்."

"ஆடு தனியா வந்துருக்கு சங்கிலி."

அவன் எந்திரிச்சுக் கம்பை எடுத்தான். ஆளுகளைக் கூட்டிக்கிட்டுக் கிளம்புனாங்க. அவளும் பின்னால போனா.

மேகாட்டுல ஒரு உடைமரம். அது அடியில கருவாயன் படுத்திருந்துச்சு. வாலு அசையலை, தலை தூக்கலை.

"காலையில விறகுக்குப் போகும்போதே பாத்தோம்"னாங்களாம் ரெண்டு பேரு. "நாயி படுத்துக் கிடந்துச்சு. சரி, ஆளு பக்கத்துலதான் இருக்காருன்னு போயிட்டோம்."

அப்படிப் படிச்ச நாயி அது. அது படுத்திருக்குற அழகைப் பாத்து யாருக்கும் சந்தேகம் வரலை.

சங்கிலி குனிஞ்சு கேட்டானாம். "ஏ கருவாயா, எங்கடா எங்க அண்ணன்? எந்திரிச்சு வந்து காட்டுடா." கருவாயன் படுத்தே கிடந்துச்சாம். தன் கம்பை எடுத்துத் தரையில தட்டிப் பாத்தானாம். கருவாயன் படுத்தே கிடந்துச்சாம். அண்ணன் கம்பைத் தவிர வேற கம்பு அதுக்குக் கம்புலயே சேத்தி இல்ல. எல்லாரும் நாலு பக்கமும் நின்னு, "ஏ வெயிலுமுத்தூ"ன்னு கத்துனாங்க. காத்து அதை அப்படியே வாங்கி அவங்க வாயிக்குள்ளயே திணிச்சுச்சு.

"ஊருல இருக்குற நாயெல்லாம் அவுத்துக் கொண்டாங்கடா. மோப்பம் புடிச்சுப் போகும்"னான் சங்கிலி.

கொண்டாந்தாங்க. எல்லாம் வெயிலுமுத்துகிட்டப் படிச்ச நாயிக. வரும்போது நல்லாத்தான் வந்துச்சாம். உடைமரத்தைத் தாண்டிக் கொஞ்சம் போகல, திடுதிப்புன்னு அம்புட்டு நாயும் ஒண்ணுபோல விழுந்து படுத்துச்சு. கருவாயன் பக்கத்துல ஒண்ணு, அதுக்கு அங்கிட்டு ஒண்ணு, வரப்பு ஓரமா ஒண்ணு.

"என்னடா இது, ஊர்க்கூட்டம் போட்டிருக்கு. யாருக்குடா அபராதம்?"னான் சங்கிலி. அந்த நேரத்துலயும் நாலு பேரு சிரிச்சாங்களாம்.

சீனியம்மா சிரிக்கலை. அவ நாயைப் பாத்துக்கிட்டே நின்னா.

காத்து கொஞ்சம் ஓயும். ஓயும்போது அம்புட்டு நாயிக்கும் காது மடங்கும். உடம்பு நடுங்கும். அப்புறம் காத்து ஏறும், நடுக்கம் நிக்கும். மறுபடி ஓயும், மறுபடி நடுங்கும். கருவாயனுக்கு அடியில மண்ணு நனைஞ்சிருந்துச்சு. அம்புட்டு நாயும் மூஞ்சியைக் கிழக்க திருப்பி வச்சிருந்துச்சு.

அவளுக்குத் தோள்பட்டை தானா ஏறிக்கிடுச்சாம்.

"சங்கிலி, அவரு கூப்பிடுதாரு."

"எங்க மதினி? எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"எனக்கும் கேக்கலை. அதுகளுக்குக் கேக்குது."

"கேட்டா எந்திரிச்சுப் போகாதா?"

"பேரைச் சொல்லிக் கூப்பிட்டா வரக்கூடாதுன்னுல்ல அதுகளை அடிச்சு வச்சிருக்கு. எந்த நாயி பேரா இருந்தாலும் அந்தக் குரலு போதும்." இம்புட்டு நீளமா அவ பேசி யாரும் கேட்டதில்லையாம். "அதுக எந்தப் பக்கம் பாக்க மாட்டேங்குதோ, அந்தப் பக்கம் போவோம்."

மேக்க நடந்தாங்க. காத்து மூஞ்சியில அறையுது. சீனியம்மாதான் முன்னால. அவ என்ன நினைச்சுக்கிட்டுப் போனான்னு பின்னால மகளுக கேட்டிருக்காங்க. "ஒண்ணும் நினைக்கலை. காலு போச்சு"ன்னாளாம். அவரு உசிரோட கிடைக்கணும்னு போனியாம்மான்னு கேட்டிருக்காங்க. அதுக்கு அவ அரிசி பொடச்சுக்கிட்டே இருந்தாளாம்.

கொஞ்ச தூரம் போயிருப்பாங்க. பின்னாலேருந்து ஒருத்தன் கத்துனான்.

"ஏய், நாயெல்லாம் எந்திரிச்சிருச்சு!"

எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. அம்புட்டு நாயும் எந்திரிச்சு நின்னு உடம்பை உதறிக்கிட்டிருந்துச்சாம். மழையில நனைஞ்சிட்டு வந்து உதறுமே, அப்படி. ஒண்ணு சோம்பல் முறிச்சுச்சாம். ஒண்ணு வரப்பை மோந்து பாத்துச்சாம். யாரும் கம்பைத் தட்டலை.

"நல்லதாப் போச்சு, வழி காட்டப் போகுது"ன்னான் ஒரு கூறு இல்லாதவன்.

சீனியம்மா திரும்பிப் பாக்கலை. அது வரைக்கும் வேகமாப் போனவ, அதுக்கு அப்புறம் மெதுவா நடந்தாளாம். தோள்பட்டை கீழ இறங்கிருச்சாம்.

காரைப் புதருக்குள்ள ஒரு பாழுங்கிணறு. சுத்துச்சுவரு இடிஞ்சு ஒரு கல்லு மட்டும் நிமுந்து நின்னுச்சு. மேல முள்ளுல அவரு கம்பு மாட்டிக்கிட்டு ஆடிக்கிட்டிருந்துச்சு, பூணு வெயில்ல மினுங்குது. கம்பு மேல, மனுசன் கீழ. கயிறு கட்டி சங்கிலி இறங்குனான். வெயிலுமுத்து சேத்துல சாஞ்சு உக்காந்த மாதிரி இருந்தாராம். இடுப்பு முறிஞ்சு போச்சு. நெஞ்சோட அணைச்சு ஒரு ஆட்டுக்குட்டி வச்சிருந்தாரு. தவறி விழுந்த குட்டியைத் தேடி வந்துதான் மனுசன் கால் வச்சிருக்காரு. குட்டி உசிரோட இருந்துச்சு. அவரு உடம்பும் இன்னும் சூடாத்தான் இருந்துச்சாம், உசிருதான் இல்ல.

காலையிலேருந்து கருவாயா, கருவாயான்னு கூப்பிட்டிருக்காரு. ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் கருவாயன் இன்னும் கொஞ்சம் மண்ணோட ஒட்டிருக்கு. அவரு பழக்குனதுலயே அதான் நல்லாப் படிச்ச நாயி.

மேல தூக்கிப் போட்டாங்க. சீனியம்மா அழலை. பொம்பளைக வந்து, "அழுதுரு தாயி, அழுதுரு"ன்னு உலுக்குனாங்க. அவ அழுகை எந்தப் பக்கம் இருக்குன்னு தேடுற மாதிரி உக்காந்திருந்தாளாம்.

அந்த நேரம் கருவாயன் மெதுவா அங்க வந்து நின்னுச்சு. சங்கிலிக்குக் கண்ணு சிவந்திருச்சு. "எங்க அண்ணனைக் கொன்னுட்டு வேடிக்கையா பாக்க வந்த?"ன்னு கம்பை ஓங்கிட்டான். நாயி ஓடலை. படுத்துச்சு. படுத்து, தலையைக் கொண்டாந்து கம்புக்கு நேரா வச்சுச்சு.

"அதை ஏன் அடிக்கே? சொன்ன பேச்சைக் கேட்டுச்சு அது"ன்னா சீனியம்மா. "கம்பைக் குடு."

அவன் கையிலேருந்து வாங்குனா. முள்ளுல கிடந்த புருசன் கம்பையும் எடுத்தா. தரையில தட்டுவான்னு எல்லாரும் பாத்தாங்க. தட்டலை. ரெண்டையும் அந்த நிமுந்த கல்லுல சாத்தி வச்சுட்டு, வெறுங்கையோட ஊருக்கு நடந்தா. பிணத்தைத் தூக்கணும்ல, கம்பு வச்சிருந்தவங்க எல்லாரும் அதுலயே சாத்திட்டுத் தூக்குனாங்க. மறுநாளு யாரும் போயி எடுக்கலை.

அப்புறம் கருவாயனைத் திருப்பிக் கொண்டார சீனியம்மா ரொம்பப் பாடுபட்டாளாம். கும்பாவுல சோத்தை வச்சு, மண்ணுல உக்காந்து, மெல்லமாப் பேரைச் சொல்லுவா. பேரைக் கேட்டதும் அது படுத்துரும். அதனால பேரை விட்டுட்டா. சாகுற வரைக்கும் அதுக்கு வேற பேரு இல்ல. தடவிக் குடுப்போம்னு கை நீட்டுவா. நீட்டுன கையும் அதுக்குக் கம்புதான். கடைசியில சோத்தை வச்சுட்டு முதுகைத் திருப்பி உக்காருவாளாம். அப்போ வந்து தின்னும். அது தின்னுற சத்தத்தைக் கேட்டுக்கிட்டு அவ உக்காந்திருப்பா. அவ்வளவு பக்கம்தான் அது வந்துச்சு. ஒரு நாளும் குரைக்கலை.

இன்னைக்கு இந்த ஊருல பாதிப் பேரு அந்த ரெண்டு பொட்டப்புள்ளைக வம்சம். அதனாலதான் மேகாட்டுலேருந்து வர்ற எவனும் கம்பு சாத்திக் கிணத்துல கம்பைச் சாத்திட்டுத்தான் ஊருக்குள்ள கால் வைப்பான். எலக்சன் பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரரு ஒருத்தரு, "லத்தியைச் சாத்தவா? யோவ், வேலை போயிரும்யா"ன்னு சிரிச்சாராம். கதையைச் சொன்னோம். சாத்திட்டுத்தான் வந்தாரு. போகும்போது எடுக்க மறந்துட்டுப் போனாரு, அது வேற விசயம்.

நாயைப் பேரு சொல்லிக் கூப்பிட்டா அதுக்குத் திங்க ஏதாச்சும் குடுக்கணும். ஒண்ணும் இல்லையா, உக்காந்து வெறுங்கையை விரிச்சுக் காட்டணும். அதான் இங்க வழக்கம்.

வெளியூருலேருந்து பொண்ணு பாக்க வர்றவங்க முகம் சுழிப்பாங்க. "என்னங்க உங்க ஊரு நாயி, கண்டதுக்கெல்லாம் குரைக்குது, ஒரு அதட்டு அதட்டக் கூடாதா?" குரைக்கும்தான். நாங்க யாரும் அதட்ட மாட்டோம். எந்தக் கிணத்துல எவன் கிடக்கானோ? கையில இருக்குற வேலையைப் போட்டுட்டுப் போயிப் பாப்போம். பெரும்பாலும் ஓணானாத்தான் இருக்கும்.