ஆட்டுக்கடாவின் வீடு

"படு! படு!"

ஹவில்தார் கத்துகிறார். படுக்கிறேன். முதலில் விசில் சத்தம். பிறகு நிலம் அதிரும் சத்தம். பிறகு மேலேயிருந்து கற்கள் உருளும் சத்தம். 1962 நவம்பர். ஞாயிற்றுக்கிழமை காலை. வடகிழக்கு எல்லை, மலைப்பாதை. பெங்களூரில் இந்நேரம் எங்கள் சபையில் ஆராதனை மணி அடித்திருக்கும். அந்த நேரத்தில் அந்த நினைப்பு ஏன் வந்ததோ தெரியவில்லை. வந்தது.

நாங்கள் பாலம் கட்டுகிற பட்டாளம். அன்று பாலத்தை உடைக்க நின்றோம். கடைசி லாரி தாண்டியதும் தகர்க்க வேண்டும். அதற்கு ஓர் ஆள் பின்தங்க வேண்டும்.

"சாமுவேல், நீ!"

என் கால்கள் பனியில் மரத்துப் போயிருந்தன. பூட்ஸுக்குள் இருப்பது கால்தானா என்றே சந்தேகம். பக்கத்தில் ஞானமுத்து. பெங்களூர் மர்பி டவுனில் எனக்கு அடுத்த வீட்டுக்காரன். ஒரே சபை. ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்தோம். அவனுக்குக் கல்யாணமாகி ஐந்தே மாதம். எழுந்து நிற்கிறான். ஷெல் விழுகிற நேரத்தில் எழுந்து நிற்கிறவனை என்ன சொல்ல.

"நான் இருக்கேன் சார். இவனால வெடிய வெச்சிட்டு ஓடிவர முடியாது."

ஹவில்தார் தலையசைத்தார். என் பக்கம் திரும்பிக் கத்தினார். "போ! திரும்பிப் பாக்காத! போய்க்கிட்டே இரு!"

போனேன். இன்னொருவன் தோளைப் பிடித்து நொண்டிக்கொண்டே. பட்டாளத்தில் கீழ்ப்படிதல் என்றால் அவ்வளவுதான். பாதி மலை இறங்கியபோது ஒரே ஒரு பெரிய சத்தம். பாலம் போயிற்று. சொன்ன வேலையை முடித்துவிட்டான். பிறகு துப்பாக்கிச் சத்தம், கொஞ்ச நேரம். பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததுதான் இன்றும் என் காதில் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் இரண்டு கால்விரல்களை எடுத்தார்கள். 1963-இல் வீடு வந்தேன். அம்மா ஒரு பொருத்தனை செய்திருந்தார். மகன் உயிரோடு வந்தால் சபை நடுவே எழுந்து நின்று சாட்சி சொல்வதாக. ஆண்டவர் வாக்கு மாறாதவர் என்று சொல்வதாக. ஆனால் அடுத்த வீட்டில் எஸ்தர் இருந்தாள். ஞானமுத்துவின் மனைவி. அவனைக் காணவில்லை என்றுதான் அவளுக்குத் தந்தி வந்திருந்தது.

"அந்தப் பொண்ணோட புருஷனும் வரட்டும்டா. ரெண்டையும் சேத்தே சொல்லிடறேன்" என்றார் அம்மா.

சீனர்களிடம் பிடிபட்டிருந்தவர்கள் திரும்பத் தொடங்கினார்கள். ஆட்கள் வருகிறார்கள் என்று கேள்விப்படும்போதெல்லாம் எஸ்தர் கன்டோன்மென்ட் ஸ்டேஷனுக்குப் போனாள். ஒவ்வொரு முறையும் கல்யாணப் புடவை. ஒவ்வொரு முறையும் தனியாகத் திரும்பினாள். கடைசியில் இறந்துவிட்டதாகவே கொள்ளும்படி கடிதம் வந்தது.

1964 ஜனவரி, முதல் ஞாயிறு. உடன்படிக்கை ஆராதனை. வருஷத்துக்கு ஒருமுறை சபை முழுக்க எழுந்து நின்று கடவுளோடு செய்த உடன்படிக்கையைப் புதுப்பிக்கும் நாள். உம்முடைய சித்தப்படி எங்களை எங்கே வேண்டுமானாலும் வையும் என்று எல்லோரும் சொல்வோம். 1962-இல் நானும் ஞானமுத்துவும் பக்கத்தில் பக்கத்தில் நின்று உரக்கச் சொன்னோம். எங்கே வைப்பார் என்று அன்றைக்கு யார் யோசித்தது?

காலையில் அம்மா வெள்ளைப் புடவையை எடுத்தார். இன்று சாட்சி சொல்லப் போகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"வேணாம்மா. அவ முன்னாடி எப்படிச் சொல்லுவ?"

"ஆண்டவரு சொன்னதைச் செஞ்சிட்டாரு. நான் சொன்னதைச் செய்ய வேணாமா? பேஜாரு பண்ணாதடா."



போதகர் அன்று ஆபிரகாமைப் பற்றிப் பேசினார். கடவுள் சொன்ன சொல்லுக்குக் கீழ்ப்படிந்து மகனையே பலியிட மலைமேல் கூட்டிப்போன தகப்பன். கத்தியை ஓங்கியபோது புதரில் ஓர் ஆட்டுக்கடா. மகனுக்குப் பதில் அது. பிறகு வாக்குத்தத்தம்: வானத்து நட்சத்திரங்களைப் போல உன் சந்ததி பெருகும். மகன் ஈசாக்கு பிழைத்தான். சபை ஆமென் சொன்னது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆட்டுக்கடாவின் வீட்டில் யார் காத்திருந்தார்கள்? எந்தப் போதகரும் அதைச் சொன்னதில்லை. அந்த வீடு எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்கும் அதற்கும் ஒரே சுவர்.

சாட்சி நேரம் வந்தது. அம்மா எழுந்தார். வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்கிறார். யாரோ இருமுகிறார்கள். நான் தலையைக் குனிந்துகொள்கிறேன்.

பெண்கள் வரிசையில் எஸ்தர் எழுந்தாள்.

"சொல்லுங்க அத்தை. சாமு அண்ணன் வந்ததை நீங்களே சொல்லலேன்னா, அப்புறம் என் வீட்டுக்காரர் எதுக்குச் செத்தாரு?"

அம்மா சொன்னார். "என் பையனைக் கொண்டாந்து சேத்தாரு." அதற்குமேல் அவரால் முடியவில்லை. எஸ்தர்தான் வந்து அவரைப் பிடித்து உட்காரவைத்தாள்.

பிறகு உடன்படிக்கை ஜெபம். எஸ்தர் ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். குரல் உடையவில்லை. நான் எழுந்து நின்றேன், அவ்வளவுதான். இதை எழுதுவது 1969. ஒவ்வொரு ஜனவரியும் நிற்கிறேன். எங்கே வேண்டுமானாலும் வையும் என்கிற இடத்தில் என் வாய் மூடிக்கொள்கிறது. கடவுளிடம் எனக்குச் சண்டை இல்லை. பயம்தான். என்னை வைக்கவேண்டிய இடத்தில் அவர் வேறொருவனை வைத்துவிட்டார்.

இழந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பாலம். என் விரல்கள் இரண்டு. அம்மாவின் பாட்டு, அந்த ஞாயிறுக்குப் பிறகு அவர் வீட்டில் பாடியதே இல்லை. ஞானமுத்து, உடல் கிடைக்கவில்லை. எனக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். சாயங்காலமானால் சுவருக்கு இந்தப் பக்கம் ஒரே கூச்சல். அந்தப் பக்கமும் பிள்ளைகள் இருந்திருப்பார்கள். அவர்களையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். எத்தனை பேர் என்று எனக்குத் தெரியவில்லை.