கோடு விழாத கேக்

வெண்ணெயை மட்டும் நம்பி ஐசிங் செய்தால் நம் கல்பாக்கம் வெயிலுக்கு நிற்காது, சார். பாதி வெண்ணெய், பாதி வனஸ்பதி. ஐசிங் சர்க்கரையை வேட்டித் துணியில் இரண்டு தடவை சலிக்க வேண்டும், இல்லாவிட்டால் பூசும்போது நெருடும். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறாள் என்று பார்க்கிறீர்கள். இதில்தான் விஷயம் இருக்கிறது, எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் பாப்பா. ஞானஸ்நானத்தில் வைத்த பெயரே அதுதான். பிறந்தது சதுரங்கப்பட்டினம். வீட்டுக்காரர் ஸ்டான்லி, டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருந்தோம். எழுபத்தெட்டில் கல்யாணம். ஒரே மகள் சிநேகா, மறைமலைநகரில் வேலை. தொண்ணூற்றொன்றில் சாருலதா டீச்சர் மாதர் மன்றத்தில் பத்து நாள் கேக் வகுப்பு எடுத்தார்கள். அதிலிருந்து எங்கள் பிளாக்கில் பிறந்தநாள், கிறிஸ்துமஸ் எதுவானாலும் என் கேக்தான்.

என் வீட்டுக்காரர் கெட்ட மனுஷன் இல்லை. குடித்ததில்லை, கை நீட்டியதில்லை. பழைய பேரிங் ஒன்றை வைத்து எனக்குச் சுழல்தட்டு செய்து கொடுத்ததே அவர்தான். கேக்கை அதன் மேல் வைத்து ஒரு விரலால் தள்ளினால் போதும், சத்தமில்லாமல் சுற்றும்.

ஆனால் நான் பூசி முடித்ததும் வந்து கேக்கில் விரல் வைப்பார். நடுவில் வைத்து ஒரு இழுப்பு இழுத்து நக்குவார். தொண்ணூற்றைந்தில் சர்க்கரை வியாதி வந்த பிறகும் விடவில்லை. ஆள் இருந்தால் இன்னும் குஷி.

"இன்னா பாப்பா மொறைக்கிறே? இத்த இன்னா ஷோகேஸ்லயா வைக்கப் போறே? வயித்துக்குள்ளதானே போவுது."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவர் விரல் பட்ட இடத்தில் ஐசிங்கில் ஒரு ரோஜா வைத்து மறைத்துவிடுவேன். பாப்பா கேக்கென்றால் ரோஜா இருக்கும் என்று ஊரில் பேர். பன்னிரண்டு வருஷம் ரோஜா வைத்தேன்.

சுத்தமாகப் பூசுவது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். முதலில் மெல்லிசாக ஒரு பூச்சு, கேக் தூள் மேலே ஒட்டாமல் இருக்க. அரை மணி நேரம் ஃபிரிட்ஜ். அதற்கு மேல் கனமான பூச்சு. பிறகு ஸ்டீல் ஸ்கேலைக் கொதிநீரில் முக்கி, துடைத்து, கேக்கின் பக்கவாட்டில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு, இடது கையால் தட்டைச் சுற்ற வேண்டும். நடுவில் கையை எடுத்தால் அந்த இடத்தில் கோடு விழும். அப்படியே ஆறவிட்டுத் திரும்பி வந்தால் ஐசிங் இறுகியிருக்கும், எவ்வளவு இழைத்தாலும் அந்தக் கோடு போகாது. சிநேகாவுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்லிக் கொடுத்தேன்.

அன்றைக்கு எங்கள் கல்யாண வெள்ளிவிழா. ஆறு மணிக்கு வீட்டில் நன்றி ஜெபம், அதன் பிறகு கேக் வெட்டுவது. அவர் பன்னிரண்டரைக்கு இன்சுலின் போட்டுக்கொண்டார். போட்டால் அரை மணிக்குள் சாப்பிட வேண்டும். அடுப்பில் ஸ்கேலுக்கான வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது, இன்னொரு பர்னர் பழுது. சோறு வைக்கவில்லை. பத்து நிமிஷம் பொறுங்கள் என்றேன். படுக்கப் போனார்.

ஒரு மணிக்குக் கூப்பிட்டார்.

"பாப்பா, கை நடுங்குது. கொஞ்சம் சக்கரை எட்தாயேன்."

"தோ வரேன்" என்றேன். ஸ்கேல் கேக்கில் இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. "இன்னா பண்ணிகினு கீறே? வேர்த்துக் கொட்டுது."

"தோ" என்றேன்.

மூன்றாவது தடவை என் பேர் மட்டும் வந்தது. குடித்தவர் நாக்கு மாதிரி குழறியது. அது என்னவென்று எனக்குத் தெரியும், ரத்தத்தில் சர்க்கரை இறங்கிப்போய்விட்டது. முன்பு இரண்டு தடவை அப்படி வந்திருக்கிறது. தண்ணீரில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை கரைத்துக் கொடுத்தால் பத்து நிமிஷத்தில் எழுந்து உட்கார்ந்துவிடுவார். என் முழங்கைக்குப் பக்கத்தில் ஒன்றரைக் கிலோ ஐசிங் சர்க்கரை இருந்தது. அவர் படுத்திருந்த அறைக்கு ஆறு எட்டு வைத்தால் போதும்.

கட்டில் கொஞ்ச நேரம் ஆடும் சத்தம் கேட்டது. பிறகு இல்லை. நான் மேல்பாகத்தை முடித்தேன். அப்படி ஒரு பூச்சு எனக்கு அதுவரை வந்ததில்லை. கண்ணாடி மாதிரி இருந்தது. ஃபிரிட்ஜில் வைத்தேன். பாத்திரம் கழுவினேன். பிறகு அடுப்பு காலியாக இருந்ததால் சோறு வைத்தேன். அவருக்குத் தட்டில் போட்டு மூடியும் வைத்தேன். எனக்குக் கோபம் எதுவும் இருக்கவில்லை. சந்தோஷமும் இல்லை. வேலை முடிந்தது என்று மட்டும் இருந்தது.

ஐந்து மணிக்குக் கம்பெனி பஸ்ஸில் சிநேகா வந்தாள். அவள்தான் போய்த் தொட்டுப் பார்த்தாள். உடம்பு சில்லிட்டிருந்தது. கூப்பிட்டதுமே பூச்சைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிப்போய்ச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தேன், தொண்டைக்குள் இறங்கவில்லை என்று அவளிடம் சொன்னேன். பிளாக்கில் எல்லோரும் நம்பினார்கள். அவளும் நம்பினாள். ராத்திரி வந்தவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறக்கும்வரை.

கேக்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"பாதியில வுட்டுட்டு ஓடுனேன்னியேம்மா. கோடு எங்கம்மா?"

நான் சொல்லிக்கொடுத்ததை மறக்காமல் வைத்திருக்கிறாளே என்றுதான் அந்த நேரத்தில் தோன்றியது.

கோடு விழுந்தால் என்ன, வழித்துவிட்டு மறுபடி பூசியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். பூசியிருக்கலாம். ஆறு மணிவரை நேரம் இருந்தது, சர்க்கரையும் இருந்தது. மூன்று தடவை கூப்பிட்டதும் என் காதில் விழுந்தது. போகாவிட்டால் என்ன ஆகும் என்று தெரிந்துதான் போகாமல் இருந்தேன். இதுதான் நீங்கள் கேட்டது. கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரு விஷயம் மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். புருஷன் செத்ததற்குக் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை என்று சிநேகா எழுதிக் கொடுத்திருக்கிறாளாம். நான் கல்நெஞ்சுக்காரி இல்லை, சார். நேற்று உங்கள் கான்ஸ்டபிள் தாமோதரன் கேக்கைத் தூக்கிவரும்போது விரல் அழுந்திவிட்டது என்று சொன்னாரே, அப்போது அழுதேன். நெடுநேரம் அழுதேன். அந்தக் கேக்கை ஒரு பத்து நிமிஷம் என்னிடம் கொடுங்கள். கொஞ்சம் ஐசிங் இருந்தால் போதும், அந்த இடத்தில் ஒரு ரோஜா வைத்துவிடுகிறேன்.