அவஸ்தை எண்ணெய்

எங்கள் வீட்டில் அரிசி எந்தக் கடையில் வாங்குவது என்பதைக்கூட நான்தான் சொல்ல வேண்டும், ஃபாதர். சொல்லாவிட்டால் கடை வாசலில் நின்றுகொண்டு போன் அடிப்பார்கள். என் தம்பி மரியநாதனும் அவன் பெண்டாட்டி சாந்தினியும் அப்படிப்பட்ட பிறவிகள். பல் வலித்தாலும் ஆண்டவர் சித்தம், கார் டயர் பஞ்சரானாலும் ஆண்டவர் சித்தம். பல் டாக்டருக்கும் டயர் கடைக்கும் ஓடுவது மட்டும் நான்.

தம்பிக்குச் சிறுநீரகம் இரண்டும் போனது. பொந்தியான் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்யும் மெஷினில் படுத்து எழுந்துதான் நாளை ஓட்டினான். மகள் கிறிஸ்டினின் சிறுநீரகம் பொருந்தும் என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பெண்ணைப் படிக்க வைத்தவள் நான். என் கடைசிக் காலத்துக்கு என்று வைத்திருந்தவள். அவளை அறுத்து இவனுக்கு வைக்கத் தேதியும் குறித்தாயிற்று. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில் அவனுக்குக் காய்ச்சல் கண்டு வார்டில் சேர்த்தார்கள். மருந்து ஏறினால் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் என்னிடம்தான் சொன்னார். எங்கள் வீட்டில் டாக்டரிடம் பேசுவதும் நான்தானே. வெளியே வந்து உங்களுக்குப் போன் செய்தேன். "தம்பிக்கு அவஸ்தை குடுக்கணும், ஃபாதர். வாங்க" என்றேன்.

நோயில் பூசுதல் குணமாவதற்குத்தான் என்று நீங்களும் பிரசங்கத்தில் சொல்லிச் சொல்லிப் பார்த்தீர்கள். பாவம், தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். எங்கள் ஆட்களுக்கு அது இன்னும் அவஸ்தைதான். எண்ணெய் பூசினால் ஆள் போகப்போகிறான் என்று அர்த்தம். நெற்றியில் எண்ணெய் பட்டதும் அவன் முகம் போன போக்கை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். நான் கவனித்தேன்.

மறுநாள் மெஷினுக்கு அழைத்துப்போக வந்தவர்களைத் திருப்பி அனுப்பினான். "ரீத்தாக்கா, பூசியாச்சு லா. இனிமே மெஷின் எதுக்கு? புள்ளைய வெட்டவும் வேணாம்" என்றான். சாந்தினி ஜெபமாலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கிறிஸ்டின் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அத்தே, நீங்க சொன்னா அப்பா கேப்பாரு. மெஷினுக்குப் போகச் சொல்லுங்க அத்தே."

கேட்டிருப்பான். அதனால்தான் சொல்லவில்லை. "ஆண்டவர் சித்தம், கிறிஸ்டின்" என்றேன். அந்த வார்த்தை என் வாயில் வந்தது அன்றைக்குத்தான். எவ்வளவு சுலபமான வார்த்தை.

உடம்பு ஊதி, மூச்சு முட்டிச் செத்தான். அவனைக் கொன்றது நான். உங்கள் மேல் குற்றமில்லை, நடுங்காதீர்கள். இந்தப் பாவசங்கீர்த்தனக் கூண்டில் கேட்டதை உங்களால் வெளியே சொல்லவும் முடியாது.

வந்த காரியம் வேறு. நேற்று கிறிஸ்டின் எனக்குக் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, கன்னியர் மடத்தில் சேரப்போகிறேன், ஆண்டவர் கூப்பிடுகிறார் என்கிறாள். அப்பன் புத்தி. அதெல்லாம் வெறும் பிரமை என்று நீங்கள்தான் அவளுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் யாரைக் கூப்பிடுவது என்று ஆண்டவருக்கு இதுவரை நான்தான் சொல்லி வந்திருக்கிறேன், ஃபாதர்.